பசித்த சேறு

ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடி அளவுஜாடி. காற்றோட்டத் தொட்டியில் மொண்டுவந்த நீரை அதில் நிறைய ஊற்றி மேசைமேல் வைக்கிறார்கள். பார்வைக்குக் கேழ்வரகுக் கூழை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்த மாதிரி இருக்கிறது. முதலில் ஒன்றும் நடப்பதில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் பால் திரிவதுபோலப் பொடிப்பொடியாகத் திரளத் தொடங்குகிறது. ஜாடியின் கழுத்தில் விரற்கடை அளவுக்குத் தெளிந்த நீர் தெரிகிறது. சேறு மெல்ல இறங்குகிறது. சரியாக முப்பதாவது நிமிடம் அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். 250, 300 என்றால் நிம்மதி. 800ல் நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் அந்த ஷிஃப்டில் யாருக்கும் டீ தொண்டையில் இறங்காது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கழிவுநீர்ப் பகுதியில் நாள் தவறாமல் நடக்கும் சோதனை இது. வானுயர்ந்த கோபுரங்களும் இரவெல்லாம் எரியும் ஃப்ளேர் சுடரும்தான் ஆலை என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியும். கடைக்கோடியில் பழுப்பு நிறத்தில் கொப்பளித்துக்கொண்டிருக்கும் தொட்டியை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அதில் மிதப்பது சேறு என்பது வாய்வழக்கு. உண்மையில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தும் திரள் அது. ஆலைக்காரர்கள் ‘பக்ஸ்’ என்பார்கள். ஷிஃப்ட் மாறும்போது ‘பக்ஸ் எப்படி இருக்கு?’ என்று விசாரிப்பது, தொழுவத்தில் ‘மாடு தீனி எடுக்குதா?’ என்று கேட்பதைப் போலத்தான். இங்கே தீனி ஃபீனால், டொலுயீன், கரைந்த எண்ணெய்.

எண்ணெயைக் கழுவிய தண்ணீர்

எண்ணெய் ஆலையில் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நியாயமானது. கச்சா எண்ணெய் கிணற்றிலிருந்தே உப்பையும் சகதியையும் சுமந்துகொண்டு வருகிறது. அந்த உப்போடு உலைக்கு ஏற்றினால் குழாய்களை அரித்துவிடும். ஆகவே முதல் வேலை, எண்ணெயைக் கழுவுவது. சூடான கச்சா எண்ணெயில் தண்ணீரைக் கலந்து, மின்புலத்தில் வைத்து மறுபடி பிரிக்கிறார்கள். டீசால்ட்டர் எனப்படும் அந்தப் பாத்திரத்தின் அடியிலிருந்து வடியும் நீரில் உப்பு, எண்ணெய், மண், சூடு எல்லாமே இருக்கும்.

அடுத்தது நீராவி. எண்ணெயை வடித்துப் பிரிக்கவும், கனமான மூலக்கூறுகளை உடைக்கும் பிரிவிலும் நீராவியைச் செலுத்துகிறார்கள். அது குளிர்ந்து நீராகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அம்மோனியா, ஃபீனால் மூன்றையும் கரைத்துக்கொண்டு இறங்கும். பெயர் ‘சோர் வாட்டர்’. புளித்த நீர் என்று பெயர் வைத்திருந்தாலும் அடிப்பது அழுகிய முட்டை நாற்றம். வாயுக்களை நீராவி விட்டு விரட்டியபின், அதே நீரை டீசால்ட்டருக்குக் கழுவுநீராகத் திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டு. அங்கே ஃபீனாலில் ஒரு பங்கு கச்சா எண்ணெய்க்குள்ளேயே திரும்பிப் போய்விடும். புது நீர் மிச்சம், ஃபீனாலும் குறைவு. சமையலறையில் அரிசி களைந்த நீரைக் கொட்டாமல் வைத்துக்கொள்ளும் புத்தி. இவை போக டேங்குகளின் அடியில் வடிப்பது, குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து கழிப்பது, தரை கழுவியது, மழை.

இத்தனையும் சேர்ந்த நீருக்கு மத்திய அரசு 2008ல் வெளியிட்ட தரவரம்பு இருக்கிறது. வெளியேறும் ஒரு லிட்டரில் எண்ணெய் 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஃபீனால் 0.35. சல்ஃபைடு 0.5. பென்சீன் 0.1. அளவுக்கும் கணக்கு உண்டு: 1000 டன் கச்சா எண்ணெய்க்கு 400 கன மீட்டர் நீர், அதாவது டன்னுக்கு இரண்டு டிரம். உயிரிகள் நீரிலுள்ள அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் வாங்குகின்றன என்பதை அளக்கும் பி.ஓ.டி. 15 மில்லிகிராம். இந்தச் சோதனையைப் பல நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். நம் விதியில் 27 டிகிரி, மூன்று நாள். இந்த ஊர் வெயிலில் பாக்டீரியாவுக்குப் பசி அதிகம் என்பதை அரசிதழே ஒப்புக்கொண்ட இடம் இது.

‘எண்ணெய் தின்னும் பாக்டீரியா’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். அது பாதி உண்மை. எண்ணெயை அப்படியே தொட்டியில் விட்டால் அது பாக்டீரியாத் திரளின்மேல் மேலாடைபோலப் படிந்துவிடும். ஆக்சிஜன் உள்ளே போகாது. திரள் கனமிழந்து மிதக்கும். தெளிந்த நீரோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். அதனால் தின்னக் கொடுப்பதற்கு முன்பே எண்ணெயில் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டும். நீளமான ஏ.பி.ஐ. தொட்டியில் நீரை நிதானமாக நகரவிட்டு, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து ‘ஸ்லாப்’ டேங்குக்கு அனுப்புகிறார்கள். அது மறுபடி கச்சா எண்ணெயோடு சேரும். அடுத்த தொட்டியில் அழுத்தத்தில் காற்றைக் கரைத்து, சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி பொங்கவிடுகிறார்கள். நுண்குமிழிகள் மிச்சத் துளிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே வரும். இவ்வளவுக்கும் பிறகு நீரில் கரைந்தே இருப்பதை எந்த வலையாலும் வழிக்க முடியாது. அங்கேதான் சேற்றின் வேலை தொடங்குகிறது.

மான்செஸ்டரில் உறைமோர்

இந்த வித்தை எண்ணெய் ஆலைக்காகப் பிறந்ததல்ல, மலநீருக்காகப் பிறந்தது. 1912ல் மான்செஸ்டர் வேதியியலாளர் கில்பர்ட் ஃபௌலர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள லாரன்ஸ் சோதனை நிலையத்தில், கழிவுநீருக்குள் காற்றை ஊதிப் பார்ப்பதைக் கண்டார். ஊர் திரும்பியதும் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவரை அதைச் செய்து பார்க்கத் தூண்டினார். அவர்கள் பாட்டிலில் கழிவுநீரை ஊற்றிக் காற்றை ஊதினார்கள். நீர் முழுக்கச் சுத்தமாக ஐந்து வாரம் ஆனது. அதுவரை பலரும் செய்தது, பாட்டிலைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்குவது. இவர்கள் கழுவவில்லை. தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் தங்கிய மண்டியை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். இரண்டாம் முறை நேரம் குறைந்தது. மூன்றாம் முறை இன்னும் குறைந்தது. மண்டி சேரச் சேர, ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. 1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரில் இதை அறிவித்தார்கள்.

நம் வீட்டில் யாரும் இதற்குக் கட்டுரை படிக்கவில்லை. ஒரு கரண்டி தயிரை எடுத்துவைத்து மறுநாள் பாலில் விடுகிறோம். ஆலையில் அந்த உறைமோர் குழாயில் ஓடுகிறது. காற்றோட்டத் தொட்டியிலிருந்து வழியும் நீர், அடுத்த வட்டத் தொட்டியில் தெளிகிறது. அடியில் இறங்கிய சேற்றைப் பம்ப் வைத்து முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். திருப்பி அனுப்பும் அந்தக் குழாய் இல்லையென்றால் தொழில்நுட்பமே இல்லை. முகப்பில் சொன்ன ஜாடிச் சோதனைக்கும் காரணம் இதுதான். சேறு கீழே இறங்கினால்தான் திரும்பி வரும். இறங்காத சேறு ஆற்றுக்குப் போய்விடும்.

ஃபௌலர் 1916ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். மான்செஸ்டர் பாட்டில் சோதனை நடந்து இரண்டே ஆண்டில் அதன் மூலகர்த்தா நம் பக்கம் குடிவந்துவிட்டார் என்பது நம் பொறியியல் கல்லூரிப் பாடங்களில் ஏனோ இடம்பெறுவதில்லை.

கிருமிநாசினியைத் தின்னும் கிருமி

ஃபீனாலின் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். 1865ல் கிளாஸ்கோவில் ஜோசஃப் லிஸ்டர் எலும்பு முறிந்த காயங்களில் அதைத் தடவிச் சீழ்பிடிக்காமல் காத்தார். அறுவை மருத்துவமே மாறியது. பழைய ஆஸ்பத்திரிகளின் அந்த நெடி, கிருமிகளைக் கொல்வதற்காகவே தெளிக்கப்பட்ட ஃபீனாலின் நெடி. அதையே மூன்று வேளையும் தின்று வளரும் கிருமிகள் ஆலைத் தொட்டியில் இருக்கின்றன. சூடோமோனாஸ் வகையைச் சேர்ந்தவை அவற்றில் பிரசித்தம்.

எப்படித் தின்கின்றன? ஃபீனால் ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்த வளையம். வளையமாக இருக்கும்வரை அது கெட்டி. பாக்டீரியாவின் ஒரு நொதி அதில் இன்னொரு ஆக்சிஜனை ஒட்டி, கேட்டகால் என்ற பொருளாக்குகிறது. இப்போது வளையத்தில் ஒரு பலவீனமான இடம் கிடைத்துவிட்டது. அடுத்த நொதி அங்கே வெட்டுகிறது. வளையம் நூலாக அறுந்து விழுந்ததும் மற்றதெல்லாம் சாதாரணச் செரிமானம். கடைசியில் மிஞ்சுவது கார்பன்டைஆக்சைடும் நீரும் சில புதிய பாக்டீரியாக்களும். ஒட்டுவது, வெட்டுவது இரண்டுக்கும் ஆக்சிஜன் தேவை. ஆலையில் ராப்பகலாக ஊதுவான்கள் உறுமிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். தொட்டி நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தால் ஆபரேட்டர் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

ஆனால் லிஸ்டரின் மருந்து தன் குணத்தை மறந்துவிடவில்லை. அளவு ஏறினால், தின்று பழகிய பாக்டீரியாவையே அது முடக்கிப்போடும். முடங்கினால் தின்னாது, தின்னாததால் ஃபீனால் இன்னும் ஏறும். நேற்றுவரை சீராக ஓடிய தொட்டி ஒரே இரவில் கவிழ்ந்தது என்று சொல்லப்படும் கதைகளில் பலவற்றுக்கு அடியில் இந்தச் சுழல் இருக்கும்.

இன்னொரு விநோதம், இந்த விருந்தில் உப்பு இல்லை. பாக்டீரியாவுக்கு நூறு பங்கு தீனிக்கு ஐந்து பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் வேண்டும் என்பது தொழிலின் வாய்ப்பாடு. எண்ணெய் ஆலை நீரில் நைட்ரஜன் அம்மோனியாவாக வேண்டிய மட்டும் இருக்கிறது. பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே வயலுக்குப் போடும் அதே டி.ஏ.பி. மூட்டையையோ பாஸ்பாரிக் அமிலத்தையோ தொட்டியில் சேர்க்கிறார்கள்.

அம்மோனியாவைத் தின்பது வேறு கூட்டம். நைட்ரோசோமோனாஸும் அதன் பங்காளிகளும் அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மற்ற பாக்டீரியாக்கள் மணிக்கணக்கில் இரட்டிக்கும்போது இவற்றுக்கு ஒரு நாள், அதற்கு மேலும் ஆகும். கொஞ்சம் சல்ஃபைடு கூடினாலும், சூடு ஏறினாலும் முதலில் படுத்துவிடுவது இவைதான். அனுபவசாலிகள் வெளியேறும் நீரின் அம்மோனியா அளவில் ஒரு கண் வைத்திருப்பார்கள். அது ஏறத் தொடங்கினால் மேலே ஏதோ ஒரு பிரிவில் யாரோ எதையோ சாக்கடையில் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நுண்ணோக்கி இருந்தால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். ஒரு சொட்டு சேற்றைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், நல்ல நாளில் வோர்ட்டிசெல்லா தெரியும்: மணி போன்ற தலை, நூல் போன்ற காம்பு. தலையைச் சுற்றியுள்ள மயிரிழைகள் சுழன்று தனித்துத் திரியும் பாக்டீரியாக்களை வாய்க்குள் இழுக்கும். கண்ணாடியை லேசாகத் தட்டினால் காம்பு ஸ்பிரிங்போலச் சுருண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி நீளும். இது மும்முரமாக இருந்தால் தொட்டி நலம். காம்பு மட்டும் நின்று தலை காணாமல் போயிருந்தால் விஷம் வந்திருக்கிறது. மூக்கும் பொய் சொல்லாது. நல்ல சேற்றில் முதல் மழை பெய்த மண்ணின் வாசம் வரும்.

காற்றோடு போனது, மிச்சம் நின்றது

நீரிலிருந்து காணாமல் போனதெல்லாம் தின்னப்பட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பென்சீன் எளிதில் ஆவியாகும். காற்றைக் கொப்பளிக்கவிடும் திறந்த தொட்டியில், பாக்டீரியா வாயைத் திறப்பதற்குள் அதில் ஒரு பகுதி குமிழியோடு ஏறிப் போய்விடுகிறது. நீரின் அறிக்கையில் பென்சீன் குறைந்திருக்கும். சுவரைத் தாண்டி இருக்கும் தெருவின் மூச்சில் கூடியிருக்கும். ஏ.பி.ஐ. தொட்டிகளுக்கு மூடி போட்டு ஆவியைப் பிடிக்கும் ஏற்பாடு இதற்காகத்தான். கழிவுநீர் என்றால் நீரை மட்டுமே அளக்கும் பழக்கம் எனக்கு நெடுநாள் உறுத்தல்.

தின்னாமல் விட்டுவைப்பதும் உண்டு. சில நாஃப்தீனிக் அமிலங்கள், வாயுவைச் சுத்திகரிக்கும் அமீன்கள் போன்றவற்றை பாக்டீரியா முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், அல்லது மிக மெதுவாகக் கொறிக்கும். அதற்கு வயதான சேறு வேண்டும். இருபது முப்பது நாள் தொட்டிக்குள்ளேயே சுற்றிவந்த சேறு. சில ஆலைகளில் கரித்தூளைத் தொட்டியிலேயே கலந்துவிடுகிறார்கள். வேறு சில ஆலைகளில் பிளாஸ்டிக் வில்லைகளை மிதக்கவிட்டு அவற்றின்மேல் பாக்டீரியாவைக் குடியேற்றுகிறார்கள், அல்லது சவ்வு வைத்து வடிகட்டுகிறார்கள். கடைசியில் தின்று கொழுத்த சேறே கழிவாகிறது. அதை அவ்வப்போது எடுத்துப் பிழிந்து அப்புறப்படுத்த வேண்டும். அதுவும் ஒரு தலைவலி.

எல்லா எண்ணெயையும் ஒரே பாக்டீரியா தின்றால் என்ன என்று ஆசைப்பட்டவர் ஒருவர் இருந்தார். மேற்கு வங்கத்தில் பிறந்து அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. வெவ்வேறு ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கும் திறன்களை ஒரே சூடோமோனாஸுக்குள் குடியேற்றினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1980ல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பானது. உயிரித் தொழில்நுட்பத் துறைக்கே வாசல் திறந்த தீர்ப்பு. வழக்கில் வென்ற அந்த பாக்டீரியாவோ எண்ணெய்க் கசிவு நடந்த எந்தக் கடலிலும் இறக்கப்படவே இல்லை. சோதனைச்சாலையில் பயில்வானாக இருப்பது வெளியே, ஏற்கெனவே குடியிருப்பவற்றோடு மல்லுக்கட்டிப் பிழைக்க வேண்டும். பாக்கெட்டில் விற்கும் ‘சூப்பர் பக்ஸ்’ பொடிகள் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததும் இதனால்தான். ஃபீனாலுக்கு ஒரு கூட்டம், அம்மோனியாவுக்கு ஒன்று, அந்தக் கூட்டங்களை மேயும் வோர்ட்டிசெல்லா என்று ஒரு ஊரே கூடினால்தான் தொட்டி நடக்கும்.

மணலிக்கு வந்த மழை

வடசென்னை மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 1960களில் எழுந்த ஆலை, இன்று சி.பி.சி.எல். என்ற பெயரில் ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனோடு நிற்கிறது. இந்த ஆலைக்குத் தாகம் தீர்ப்பது சென்னையின் கழிப்பறைகள் என்றால் சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். குடிநீர்ப் பஞ்சம் வாட்டும் ஊரில் ஆலைக்கு நன்னீர் கிடைப்பது அரிது. ஆகவே 1990களின் தொடக்கத்திலிருந்தே மாநகரின் சாக்கடை நீரை வாங்கிச் சவ்வூடு பரவல் முறையில் சுத்தம் செய்து பயன்படுத்திவருகிறது. 2019ல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனில் ஒரு நிலையம் வந்தபின் மணலி, மீஞ்சூர் பக்கத்து ஆலைகளுக்கும் இந்த நீர் குழாயில் போகிறது. தண்டையார்பேட்டையில் ஒருவர் குளித்த நீரை முதலில் மாநகரத்தின் பக்ஸ் தின்று தெளியவைக்கிறது. அது ஆலைக்குள் போய் எண்ணெய் வாடை ஏறி இறங்கினால் இரண்டாவது தொட்டியின் பக்ஸ் காத்திருக்கிறது.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: இன்று வந்த நீரைப் போலத்தான் நாளையும் வரும். சேற்றுக்கு மாற்றம் பிடிக்காது. ஷட்டவுன் எடுத்து ஆலை நின்றால் பட்டினி. திறந்ததும் சுத்தம் செய்த ரசாயனமெல்லாம் ஒரேயடியாக வந்தால் அஜீரணம். வேறு கிணற்றுக் கச்சா எண்ணெய் வந்தால் அதற்குப் பழக நாளாகும். நீரின் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. அதனால்தான் தொட்டிக்கு முன்னால் பெரிய சமன்குளம் ஒன்றை வைத்து ஏற்ற இறக்கத்தை அதில் கரைக்கிறார்கள். ஆனால் எந்தச் சமன்குளமும் வடகிழக்குப் பருவமழையின் அளவுக்குக் கட்டப்படுவதில்லை.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னைமேல் கொட்டியது. வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம்வரை போய் எண்ணூர்க் கழிமுகத்தைப் பூசியது. வீடுகளுக்குள் புகுந்தது. அலையாத்தி மரங்களின் தண்டில் கறுப்புக் கோடு கிழித்தது. படகுகளும் வலைகளும் வீணாயின. மீனவர்கள் வாளியாலும் மக்காலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். குழாய்க் கசிவு ஏதுமில்லை என்றது ஆலை நிர்வாகம். சி.பி.சி.எல். வளாகத்திலிருந்து மழைநீரோடு வெளியேறிய எண்ணெய் இது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது. தொட்டியில் இருந்த பக்ஸை யாரும் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளத்தோடு போன எண்ணெய் அதன் வாயருகே வரவே இல்லை. ஆலைத் தரையில் வருடம் முழுக்கச் சிந்துவதும் கசிவதும் மழைநீர் வடிகாலில் படிந்து காத்திருக்கும். முதல் பெருமழை அதைக் கழுவி எடுக்கும்போது, அந்தக் கழுவுநீரைப் பிடித்து நிறுத்த இடம் இருந்தால் பிறகு சிறுகச் சிறுகத் தொட்டிக்கு ஊட்டலாம். இடம் இல்லையென்றால் அது மதகு தேடும். மாதிரி எடுக்கும் குழாயில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வருடம் முழுவதும் பதிவேட்டில் எழுதப்பட்டாலும், மழைக்காலத்தின் ஓரிரு நாளில் அத்தனை கணக்கும் கால்வாயில் போய்விடலாம்.

வெள்ளமோ விஷமோ சேற்றை அடித்துப்போட்டபின், எங்கேயும் இதே மாதிரிதான் மறுபடி தொடங்குகிறார்கள். வேறொரு ஆலையிலிருந்து லாரியில் நல்ல சேறு கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரில் மாட்டுச்சாணம் சொல்லிவைப்பார்கள். கோடிக்கணக்கில் விலைபோகும் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாண்டி, சாணக்கரைசல் டிரம் டிரம்மாக உள்ளே போகும். கூடவே வெல்லம், யூரியா, டி.ஏ.பி. முதல் சில நாள் வெல்லம் மட்டுமே தீனி. பிறகு ஆலை நீரைக் கொஞ்சமாகக் கலந்து, நாளுக்கு நாள் கூட்டி, வெல்லத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள், குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்திச் சோறு பழக்குவதைப் போல. தொட்டியின் மேல் முதலில் வெள்ளை நுரை மலைபோல எழும்பும். இளம் சேற்றின் அடையாளம். வாரங்கள் போகும். நுரை அடங்கும். பச்சைச் சாண நிறம் மாறிப் பழுப்பாகும். தினமும் காலையில் யாராவது ஒருவர் ஜாடியில் மொண்டு வந்து மேசைமேல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வாரம் அடியில் ஒன்றுமே தங்காது. பிறகு ஒரு நாள் 20ஆம் கோட்டில், மெல்லிசாக, ஒரு பழுப்புப் படலம்.